இரண்டு வழி, ஒரே பிழை: ஒரு மட்டுச் சமன்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இயங்கும் ஒரு சிறிய தனியார் வகுப்பில் உயர்தர முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். இங்கே பதிவு செய்வது அந்த வகுப்பில் ஒரு மாணவிக்கும் ஒரு மாணவனுக்கும் நேர்ந்ததை. இருவரும் சாதாரண தரக் கணிதத்தில் ஏ சித்தி பெற்றவர்கள். கொடுத்த வேலையைத் தவறாமல் செய்து வருபவர்கள். பெயர்களும் பாடசாலைகளும் இங்கே தேவையில்லை.

மட்டு, அதாவது ஓர் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது, பாடத்திட்டத்தில் சிறிய பகுதி. தொகையீட்டுக்கும் திரிகோணகணிதத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு துண்டுகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளின் பகுதி அ-வில் 10 வினாக்கள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். மட்டு அடங்கிய சமனிலி (சமக்குறிக்குப் பதிலாகப் பெரிது, சிறிது என்ற குறி வரும் கணக்கு) அந்தப் பத்துக்குள் அடிக்கடி இடம்பிடிக்கும். பல்கலைக்கழக அனுமதி, பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியின் தசமத்தில் தீர்மானமாகும் நாட்டில் அந்த 25 புள்ளிகளைக் கை நழுவ விட எந்தப் பிள்ளையும் விரும்பாது. அதனால்தான் இந்தப் பிழை ஒரு சிறு தேர்வோடு முடிந்துவிடாமல் வீடு வரைக்கும் போனது.

இந்தப் பதிவில் தெரியாக் கணியத்தைக் ‘க’ என்று எழுதுகிறேன்.

நடந்தது

அலகு முடிந்ததும் வழக்கம்போல் ஒரு சிறு தேர்வு வைத்தேன். அதில் ஒரு வினா:

|2க − 3| = க − 6 எனும் சமன்பாட்டைத் தீர்க்க.

சரியான விடை, மெய்த் தீர்வு எதுவும் இல்லை என்பது. மாணவி சமன்பாட்டை இரண்டாகப் பிரித்திருந்தார்:

2க − 3 = க − 6 அல்லது 2க − 3 = −(க − 6)
க = −3 அல்லது க = 3

மாணவன் பிரிக்கவில்லை. இரு பக்கத்தையும் வர்க்கித்திருந்தார்:

4க² − 12க + 9 = க² − 12க + 36
3க² = 27
க = ±3

இருவரும் வகுப்பில் எதிரெதிர் மூலைகளில் இருப்பவர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக எண்ண இடமே இல்லை. வழிகளும் வேறு வேறு. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று இருவரும் தத்தம் தாளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டையும் என் மேசையில் அருகருகே வைத்தார்கள்.

“சேர், நான் பிரித்துச் செய்தேன், இவர் வர்க்கித்துச் செய்தார். இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வருகிறது. பிறகு எப்படிப் பிழையாகும்?” என்று மாணவி கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு விடையை வேறொரு வழியில் சரிபார்ப்பது நல்ல பழக்கம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவர்கள் சொன்னபடியே செய்திருந்தார்கள். மறுநாள் மாணவியின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. பிள்ளை இரவு வெகுநேரம் அந்த ஒரு கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்ததாகவும் சொன்னார். புள்ளியை மாற்ற முடியாது, ஆனால் ஏன் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை அந்தக் கணக்கை விடப்போவதில்லை என்று அவருக்குச் சொன்னேன்.

அவதானித்தவை

அடுத்த வகுப்பு முடிந்தபின் இருவரையும் இருத்தி, −3 என்ற விடையைச் சமன்பாட்டில் பிரதியிடச் சொன்னேன். நான் எதுவும் விளக்கவில்லை. எழுதுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணவி வலப்பக்கத்தை முதலில் செய்தார்: −3 − 6 = −9. பிறகு இடப்பக்கம்: 2 × (−3) − 3 = −9. அடுத்த வரியில் அவரது கொப்பியில் வந்தது இது:

|−9| = ±9

அதன் கீழே, ±9 இல் −9 வலப்பக்கத்தோடு பொருந்துகிறது என்று அம்புக்குறி போட்டு, “சரி” என்று அடையாளமிட்டார். இரவு முழுக்க அவர் சரிபார்த்தும் பிழை அகப்படாத காரணம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. |க| = 9 எனின் க = ±9 என்பது உண்மை. அதை அவர் மனம், மட்டு எடுத்தால் இரண்டு குறியும் வரும் என்று திருப்பிப் பதிந்து வைத்திருந்தது.

மாணவனுடைய தாள் வேறு விதமாக இருந்தது. |−9| = 9 என்று சரியாகவே எழுதினார். வலப்பக்கம் −9. எழுதிய பென்சில் அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து, “ஆனால் வர்க்கித்தால் இரண்டும் 81 தானே, சேர்” என்றார். அதாவது முரண்பாட்டைக் கண்டுவிட்டார். ஆனாலும் வர்க்கித்த வரியைத்தான் நம்பினார். 81 இன் வர்க்கமூலம் எது என்று கேட்டபோது ±9 என்றார். வர்க்கமூலக் குறி மறை (பூச்சியத்திலும் குறைந்தது) அல்லாத மூலத்தை மட்டுமே குறிக்கும் என்பதும், அதனால் √(க²) என்பது |க| என்பதும் அவர் மனதில் ஒட்டவில்லை.

இது இருவருக்கு மட்டும் உள்ள குழப்பமா என்று அறிய, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், புள்ளியும் இல்லை என்று சொல்லிச் சில கேள்விகள் கேட்டேன்: |−9| எவ்வளவு? |க| = −4 ஐத் தீர்க்க முடியுமா? −க என்பது மறை எண்ணா? |−க| = க என்பது எப்போதும் உண்மையா?

முதற் கேள்விக்குப் பெரும்பாலோர் சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டாவதற்குச் சிலர் ±4 என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவதற்கு வகுப்பில் பாதிக்கு மேல் “ஆம்” என்றார்கள். நான்காவதற்கும் அப்படியே, மட்டு என்றால் உள்ளே இருக்கும் மறைக்குறியை எடுத்துவிடும் இரண்டு கோடுகள் என்பதே அவர்களுடைய எண்ணம். அச்சில் அந்த இரு நிமிர்கோடுகள் அடைப்புக்குறிபோலத்தான் தெரிகின்றன. ஜேர்மன் கணிதவியலாளர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் 1841 இல் பயன்படுத்திய அந்தக் குறியீடு எழுத மிகவும் வசதியானது; ஆனால் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அது கண்ணுக்குக் காட்டுவதில்லை.

பிழையின் வேர்

இரண்டு வழியும் ஒரே விடையைத் தந்தது தற்செயலன்று. அ² = ஆ² என்று எழுதி, இடப்பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் (அ − ஆ)(அ + ஆ) = 0 வரும். அதன் பொருள் அ = ஆ அல்லது அ = −ஆ. மாணவி முதல் வரியில் எழுதியதும் அதுதான். ஆகவே வர்க்கிப்பதும் நிபந்தனையின்றிப் பிரிப்பதும் ஒரே வழியின் இரண்டு எழுத்து வடிவங்கள். ஒன்று மற்றதைச் சரிபார்க்காது. ஒன்றில் உள்ள ஓட்டை மற்றதிலும் அதே இடத்தில் இருக்கும்.

அந்த ஓட்டை என்னவென்றால் வலப்பக்கம் மறையாகக்கூடாது என்ற நிபந்தனை எங்கும் எழுதப்படாதது. அது விடுபட்டால் தீர்க்கப்படுவது கொடுத்த சமன்பாடு அன்று,

|2க − 3| = |க − 6|

என்ற வேறொரு சமன்பாடு. இதற்கு 3 உம் −3 உம் சரியான தீர்வுகள்தான். க = 3 எனின் இரு பக்கமும் 3; க = −3 எனின் இரு பக்கமும் 9. இருவரும் கேட்காத கேள்விக்குப் பிழையின்றி விடை எழுதியிருந்தார்கள். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். கூட்டல் கழித்தலில் எந்தத் தவறும் இல்லாத ஒரு தாளுக்குச் சிவப்புக் கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை தன் கையையே சந்தேகிக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மிகச் சுலபமான வழி ஒன்று இருந்தது: “கடைசியில் விடையைப் பிரதியிட்டுப் பார், பொருந்தாததை வெட்டு” என்று ஒரு விதி கொடுத்துவிடுவது. பலரும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள். சமன்பாட்டுக்கு அது போதும். நான் அதை மட்டும் நம்பாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மாணவி பிரதியிட்டுத்தான் பார்த்தார்; |−9| = ±9 என்று நம்புகிறவருக்குப் பிரதியிடல் காவலாகாது. மற்றது, பரீட்சையில் வருவது பெரும்பாலும் சமனிலி. இதே கணக்கைச் சமனிலியாக மாற்றிப் பாருங்கள்:

|2க − 3| > க − 6

வர்க்கித்தால் க² > 9, ஆகவே க < −3 அல்லது க > 3 என்று வரும். உண்மையில் எல்லா மெய்யெண்களும் இதைத் திருப்தியாக்கும். க = 0 ஐப் பாருங்கள்: இடப்பக்கம் 3, வலப்பக்கம் −6. சமன்பாட்டில் இல்லாத விடையைச் சேர்த்த அதே பிழை, இங்கே −3 முதல் 3 வரையுள்ள ஓர் ஆயிடை முழுவதையும் தொலைத்துவிடுகிறது. எழுதிய விடையைப் பிரதியிட்டுப் பார்த்தால் அது பொருந்தவே செய்யும். தொலைந்ததைப் பிரதியிடல் காட்டிக்கொடுக்காது.

ஆகவே வரைவிலக்கணத்துக்கே திரும்பிப் போவது என்று முடிவு செய்தேன். முதலில் தூரம், அதன்பின் −க இன் குறி, அதன்பின் நிபந்தனையோடு பிரித்தல், இறுதியில் வரைபு. வகுப்பின் வேகம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. வர்க்கிக்கும் வழியைத் தடைசெய்யவில்லை. மாணவனுக்கு அது கைவந்த வழி. அதைப் பிடுங்குவதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. நிபந்தனையை முதல் வரியில் எழுதினால் வர்க்கிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வகுப்பில் செய்தது

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். பலகையில் ஒரு நேர்கோட்டை வரைந்து, அதை அந்த வீதி என்று வைத்துக்கொண்டோம். கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ் 300ஆம் கிலோமீற்றர் கல்லிலிருந்து 7 கிலோமீற்றர் தூரத்தில் பழுதாகி நிற்கிறது, எங்கே என்று கேட்டேன். அந்த வீதி ஊடறுத்துச் செல்லும் தென்மராட்சியின் பிள்ளைகள் இருவர் ஒருங்கே 293, 307 என்றார்கள். யாரும் எதையும் எழுதவில்லை. அதன் பின்தான் |க − 300| = 7 என்று பலகையில் எழுதினேன். “அதே கல்லிலிருந்து −7 கிலோமீற்றர் தூரத்தில் நின்றால்?” என்று கேட்டபோது, “அப்படி ஓர் இடம் இல்லை, சேர்” என்று முதலில் சொன்னவர் அந்த மாணவிதான். துண்டுத் தாளில் கேட்ட |க| = −4 அந்த வரியோடு தீர்ந்தது.

−க பற்றிய பாடம் இவ்வளவு இலகுவாகப் போகவில்லை. வரைவிலக்கணத்தை இரண்டு வரியாக எழுதினேன்:

க ≥ 0 எனின் |க| = க
க < 0 எனின் |க| = −க

“மட்டு மறையாகாது என்கிறோம், ஆனால் இரண்டாவது வரியில் விடையே மறையாக இருக்கிறதே” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். இந்த அலகின் மிகக் கடினமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். க இன் பெறுமானமாக −7 ஐ எடுத்து, −(−7) = 7 என்று எழுதிக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; அடுத்த கணக்கில் மறுபடியும் −க ஐ மறையென்றே எண்ணுவார்கள். அதனால் காட்டுவதை விட்டுவிட்டு, ஓர் அட்டவணை கொடுத்து அவர்களையே நிரப்பச் சொன்னேன்: ஒரு நிரலில் க, அடுத்ததில் −க, அதற்கடுத்ததில் |க|. கடைசி நிரல் எந்த வரிகளில் முதல் நிரலோடு ஒக்கிறது, எந்த வரிகளில் இரண்டாவது நிரலோடு ஒக்கிறது என்று வட்டமிட வேண்டும். வட்டமிட்டு முடித்தபின் வரைவிலக்கணத்தை அவர்களே எழுதினார்கள். மெதுவான வேலை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் கேட்கவில்லை.

பிறகு தேர்வுக் கணக்குக்குத் திரும்பினோம். இடப்பக்கம் ஒரு தூரம், தூரம் மறையாகாது, ஆகவே க − 6 ≥ 0, அதாவது க ≥ 6. மாணவி இதை எழுதிவிட்டுத் தன் பழைய விடைகள் 3, −3 இரண்டையும் பார்த்தார். இரண்டுமே 6 க்குக் கீழே. வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மாணவன் வரைபைக் கேட்டார். |2க − 3| இன் வரைபு 3/2 இல் கிடை அச்சைத் தொட்டு, இருபுறமும் மேலே எழும் இரண்டு கதிர்கள். வலக் கதிரின் படித்திறன் (சாய்வு) 2. மற்றது 6 இல் கிடை அச்சை வெட்டும், படித்திறன் 1 உடைய நேர்கோடு. 6 இல் கதிரின் உயரம் 9, கோட்டின் உயரம் 0. அதற்கு அப்பால் கதிர் இன்னும் வேகமாக ஏறுகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. அடிமட்டம் வைத்துக் கீறிய அந்தப் படத்தில் நேர்கோட்டின் கிடை அச்சுக்குக் கீழ்ப் பகுதியையும் அவர் மேலே மடித்துப் புள்ளிக்கோடாகப் போட்டார். அந்தப் புள்ளிக்கோடு கதிர்களை −3 இலும் 3 இலும் வெட்டியது. தாங்கள் தீர்த்த வேறு சமன்பாட்டின் படம் அது என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

தொடர்ந்தவை

அடுத்த சிறு தேர்வில் |க + 4| = 2க + 2 ஐக் கொடுத்தேன். மாணவி இரண்டு பகுதிக்கும் பக்கத்தில் நிபந்தனை எழுதினார்: க ≥ −4 எனின் க = 2, ஏற்கலாம்; க < −4 எனின் க = −2, நிபந்தனைக்குள் இல்லை. மாணவன் முதல் வரியில் க ≥ −1 என்று எழுதி, வர்க்கித்து, ±2 பெற்று, −2 ஐ நீக்கினார். இருவருக்கும் முழுப்புள்ளி.

ஆனால் வகுப்பில் எதிர்பாராத ஒன்று முளைத்தது. அதே தாளில் |2க + 1| = 1 − க என்ற கணக்கும் இருந்தது. இதற்கு 0 உம் −2 உம் தீர்வுகள். க = −2 எனின் இரு பக்கமும் 3. பலர் −2 ஐ வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் “மறை, ஏற்கமுடியாது” என்று குறிப்பும் இருந்தது. வலப்பக்கம் மறையாகக்கூடாது என்று சொன்னது, விடை மறையாகக்கூடாது என்று அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவரை நாங்கள் செய்த கணக்குகளில் வெட்டப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை மறை எண்களாக இருந்ததும் இதற்குத் துணைபோயிருக்கும்.

இதற்கு மாற்றாக, நேர் விடை விழுந்து மறை விடை நிற்கும் கணக்குகளைத் தேடிக் கொடுத்தேன். |க − 4| = 2 − 2க என்பதில் −2 நிற்கும், 2 விழும். முன்னைய |க + 4| = 2க + 2 என்ற கணக்கில் க இற்குப் பதில் −க எழுதியதுதான் இது என்பதைச் சிலர் தாங்களே கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தபின் “மறை, ஏற்கமுடியாது” என்ற குறிப்பு வகுப்பிலிருந்து அநேகமாக மறைந்தது.

மாணவனுக்கு ஒரு தடை இன்னும் இருக்கிறது. |க − 1| + |க − 4| = 5 போன்ற கணக்கையும் வர்க்கித்தே தொடங்குகிறார்; நடுவில் பெருக்கம் மாட்டிக்கொள்ள, பாதியில் விட்டுவிடுகிறார். இதே கணக்கை மாணவி எண்கோட்டில் ஒரே பார்வையில் முடிக்கிறார்: 1 க்கும் 4 க்கும் இடையே எங்கு நின்றாலும் தூரங்களின் கூட்டுத்தொகை 3; அதை 5 ஆக்க இடப்புறம் 1 தள்ளினால் 0, வலப்புறம் 1 தள்ளினால் 5. வலப்பக்கத்தில் 5 க்குப் பதிலாக 3 இருந்தால் 1 முதல் 4 வரை எல்லாமே தீர்வு, 2 இருந்தால் எதுவும் இல்லை என்றும் அவர் கேட்காமலே சொன்னார். சில நாட்களாக இருவரையும் இத்தகைய கணக்குகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருத்துகிறேன். மாணவன் எண்கோட்டை வரையத் தொடங்கியிருக்கிறார், ஆனால் நம்பிக்கையோடு அன்று.

தந்தை மறுபடியும் அழைத்தார். புள்ளியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. தேர்வுக் கணக்கைப் பிள்ளை தம்பிக்கு ஏ-9 வீதியை வைத்து விளங்கப்படுத்தியதாகச் சொன்னார்.

அடுத்த மாணவர் பிரிவுக்காக மாற்றப்போவது

பாடத்தின் ஒழுங்கை மாற்றுகிறேன். பிரித்தெழுதும் முறை முதலில் வந்தால் பிள்ளைகள் அதையே மட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே எண்கோட்டுத் தூரமும் வரைபும் முன்னே, பிரித்தல் பின்னே, வர்க்கித்தல் கடைசியில். துண்டுத் தாளில் கேட்ட கேள்விகளை அலகு தொடங்கும் அன்றே கேட்பேன். −க பற்றிய அட்டவணையும் அன்றே.

முதற் பயிற்சித் தாளில் தீர்வு இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, ஓர் ஆயிடை முழுவதும் தீர்வாவது எல்லாம் கலந்து வரும். வெட்டப்படும் விடைகளில் நேரும் மறையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி கணக்குகளைத் தெரிவு செய்து வருகிறேன். சமனிலிகளைத் தனி அலகாகப் பின்தள்ளாமல், ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அடுத்த வரியிலேயே அதன் சமனிலியையும் கேட்கப் போகிறேன். |2க − 3| = க − 6 உம் |2க − 3| > க − 6 உம் அந்தத் தாளில் அருகருகே இருக்கும்.